நாற்பத்தாறரை கிலோ

எனக்குத் தலைவலி வந்தால் நான் மாத்திரை போடுவதில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் தானாகப் போய்விடும். போகாவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு வந்துவிடும், எனக்குச் சரியாகிவிடும். இது என் மனைவி சொல்வது. இருபத்தெட்டு வருடமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறாள் என்பதால் அவள் சொன்னதை மறுக்க என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

விசாரணை அதிகாரி அம்மா, "நடந்ததை உங்க வார்த்தையிலேயே எழுதிக் குடுங்க" என்று சொல்லி ஒரு படிவத்தையும் சில வெள்ளைத் தாள்களையும் வைத்துவிட்டுப் போனீர்கள். வெள்ளைத் தாளைக் கண்டால் எனக்குப் பயம். படிவத்தைக் கண்டால் தெம்பு வந்துவிடும். ஆனாலும் நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்கிறேன். முதலில் தாள், பிறகு படிவம்.

இந்த மருத்துவமனையின் பார்மசிக்கு நான் தலைமை. தலைமை என்றவுடன் ஓங்கி வளர்ந்த ஆளைக் கற்பனை செய்ய வேண்டாம். நீங்கள்தான் நேரில் பார்த்துவிட்டீர்களே. கவுன்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் நின்றுதான் நான் தலைமை வகிக்கிறேன். எனக்குப் பின்னால் ஒரு இரும்பு அலமாரி. அதன் சாவி என் இடுப்பில். அதனால் எனக்கு 'பூட்டு' என்று பெயர். இளைய டாக்டர்கள் மரியாதை தெரிந்தவர்கள், 'பூட்டு சார்' என்பார்கள்.

அந்த அலமாரி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நான் இங்கே வந்த புதிதில் ஆன்டிபயாடிக் மருந்துகளை மிட்டாய் மாதிரி விநியோகித்துக்கொண்டிருந்தார்கள். நகம் பெயர்ந்தால் ஓர் ஊசி. தும்மினால் ஐந்து நாளைக்கு மாத்திரை. பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்தார்கள், எனக்கு ஏன் இல்லை என்று கேட்டால் இன்னும் ஐந்து நாளைக்கு. கிருமிகள் முட்டாள்கள் அல்ல. தினம் பார்க்கிற மருந்துக்கு அவை பயப்படுவதை நிறுத்திவிட்டன. கடைசியில் ஏறக்குறைய எதற்கும் அடங்காத கிருமிகள் எங்கள் வார்டுகளில் குடியேறின. அவற்றுக்கு எதிராக மிச்சமிருந்தவை மூன்று நான்கு மருந்துகள்தான். அவற்றையும் வாரி இறைத்தால் நாளை யாருக்கும் எதுவும் இருக்காது. உலகம் முழுவதும் பெரிய மனிதர்கள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதை நான் இன்றும் நம்புகிறேன். நீங்களும் நம்ப வேண்டும்.

அந்த மருந்துகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வேண்டுமென்றால் படிவம். பதினான்கு கட்டங்கள், நானே கோடு போட்டு வரைந்தவை. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தால் கையெழுத்து, உடனே மருந்து. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம், படிவம் வார்டுக்கே திரும்பும். ஆறு வருடத்தில் 'மறுக்கப்பட்டது' என்று ஒரு படிவத்திலும் நான் எழுதியதில்லை. எல்லாப் படிவங்களும் கோப்பில் இருக்கின்றன, எடுத்துப் பாருங்கள்.

முதல் வருடத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிற படிவங்களில் பத்துக்கு நான்கு மறுபடி வருவதே இல்லை. உண்மையில் தேவையாக இருந்தால் வந்திருக்குமே என்று நினைத்தேன். அந்த நான்கையும் 'தவிர்க்கப்பட்டவை' என்ற தலைப்பில் எழுதிக்கொண்டேன். மாதா மாதம் எத்தனை குப்பி செலவானது என்று ஒரு வரைபடம் போட்டு ஸ்டூலுக்குப் பின்னால் ஒட்டினேன். கோடு கீழே இறங்கிக்கொண்டே வந்தது. என் வாழ்க்கையில் எனக்காக எதுவும் ஏறியதில்லை, ஒன்றாவது சொன்னபடி இறங்குகிறதே என்று மகிழ்ச்சியாக இருந்தது. காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

திரும்பி வராத படிவங்கள் ஏன் வரவில்லை என்று ஒருமுறை விசாரித்தேன். பாதிப் பேருக்கு வேறு மருந்திலேயே குணமாகிவிட்டது. சிலரை வேறு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். சிலர் படிவம் திரும்பி வருவதற்குள் இறந்துபோயிருந்தார்கள். இவர்களுக்கென்று தனித் தலைப்பு போடலாமா என்று யோசித்தேன். தாளில் இடம் போதவில்லை. மருந்து செலவாகவில்லை என்ற வகையில் இவர்களும் தவிர்க்கப்பட்டவைதான் என்று அங்கேயே விட்டுவிட்டேன்.

இந்தக் கோடு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்றால், வெளிநாட்டில் ஒரு மாநாட்டில். உலகெங்கும் மருந்துகளைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்று பேச இருந்தார்கள். 'மாதத்துக்கு நூற்றிருபது குப்பியைத் தாண்டாத மருத்துவமனை' என்று தலைப்புக் கொடுத்து விண்ணப்பித்தேன். வரச் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு மாதக் கோடும் நூற்றிருபதைத் தாண்டாமல் இருக்க வேண்டும். பதினொன்று முடிந்திருந்தது. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினேன். "கண்ணாடியில தலை மட்டும்தான் தெரியுது, அங்க மேசை உயரமா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள் மனைவி. குதிகால் உயர்ந்த செருப்பு ஒன்று வாங்கினேன். போட்டுக்கொள்ள ஒரு கோட்டும் வாங்கினேன்.

கோட்டால்தான் தையலக்கா இந்தக் கதைக்குள் வருகிறார். பார்மசிக்கு அடுத்த அறையில், மருத்துவமனையின் கிழிந்த படுக்கை விரிப்புகளையும் ஆபரேஷன் அங்கிகளையும் தைத்துச் சரிசெய்பவர். என்னைவிடச் சின்னவர்தான், எல்லோரும் அக்கா என்பதால் நானும் அக்கா என்றேன். அவர் கணவர் எங்கள் லிப்டை இயக்குகிறவர். கோட்டின் கை என் விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது. தையலக்கா டேப்பை எடுத்து அளந்தார்.

"சார், எதுக்கு இவ்வளவு பெரிசா வாங்கினீங்க? வளர்ந்துடுவோம்னு நினைச்சீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைக் கிண்டல் செய்பவர்கள் எல்லோரும் முதுகுக்குப் பின்னால்தான் செய்வார்கள். அவர் ஒருவர்தான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முகத்துக்கு நேரே செய்வார். அதனால் அவரை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் கழித்து வந்து வலது கை விரலைக் காட்டினார். கோட்டின் தோள்பட்டைத் துணி தடிமனானது, ஊசி வழுக்கி ஆழமாக இறங்கிவிட்டது.

"உங்க கோட்டு கடிச்சிடுச்சு சார். ஏதாவது மாத்திரை போடணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். சோப்பு போட்டு நல்லா கழுவுங்க."

அந்த நேரத்தில் அது சரியான அறிவுரை, எந்தப் புத்தகத்திலும் பாருங்கள். மறுநாள் விரல் வீங்கியிருந்தது. டாக்டரைப் பார்க்கட்டுமா என்றார். கொஞ்சம் பொறுங்கள், வீங்கியதெல்லாம் நோயாகிவிடாது என்றேன். அவர் பொறுத்தார். மற்றவர்கள் நான் சொல்வதை எங்கே கேட்டார்கள்? கேட்ட ஒருவர் அவர்தான். அதற்கடுத்த நாள் தைத்து முடித்த கோட்டை பார்மசிக் கதவில் மாட்டிவிட்டு, அங்கிருந்தே காய்ச்சலோடு வார்டில் போய்ப் படுத்தார். வழக்கமான மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பரிசோதனைக்கூடத்தின் முடிவு வந்தது. வார்டு விரிப்புகளிலேயே புழங்குகிற அந்த அடங்காத கிருமிதான் ரத்தத்தில் இருந்தது. அதற்குக் கேட்கும் மருந்து என் அலமாரியில் இருந்தது.

படிவம் அன்று காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு வந்தது. சின்ன டாக்டரின் கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண் என்பதால் அவருக்குச் 'சின்ன டாக்டர்' என்று பெயர். பதின்மூன்று கட்டங்கள் அழகாக நிரப்பியிருந்தார். ஐந்தாவது கட்டம், நோயாளியின் எடை, காலி. வட்டம் போட்டேன்.

பதினொன்றரைக்குத் திரும்பி வந்தது. 'சுமார் 50 கிலோ' என்று எழுதியிருந்தார். நோயாளியால் எழுந்து நிற்க முடியவில்லை, படுக்கையோடு எடை பார்க்கிற கருவி பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. 'சுமார்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டேன்.

ஒன்றே முக்காலுக்குச் சின்ன டாக்டரே ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"சார், ரத்த அழுத்தம் இறங்கிட்டே போகுது. இந்த மருந்துக்கு முதல் டோஸ் பெரியவங்க எல்லாருக்கும் ஒரே அளவுதானே சார்?"

"ஆமாம்மா."

"அப்போ எடை எதுக்கு?"

"படிவத்துல கட்டம் இருக்கேம்மா."

"நம்ம தையலக்கா சார் அது."

"எனக்குத் தெரியாதா? அதனாலதான் இன்னும் கவனமா இருக்கணும். தெரிஞ்சவங்கன்னா பூட்டு திறக்கும்னு நாளைக்கு பேச்சு வரக்கூடாது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. படிவத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சாப்பிடப் போனேன். சாதாரணமாகத்தான் சாப்பிட்டேன், இரண்டாம் முறை கேட்டு வாங்கியதாக ஞாபகம்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி மூட்டைகளை நிறுக்கிற தராசு ஒன்று இருக்கிறது. அதை வார்டுக்கு உருட்டிக்கொண்டு வந்து, ஒரு விரிப்பில் வைத்து நான்கு பேர் தூக்கி, தையலக்காவை அதில் கிடத்தி எடை பார்த்திருக்கிறார்கள். ஒரு முனையைப் பிடித்தவர் அவர் கணவர். அந்த விரிப்பிலும் தையலக்கா போட்ட ஒட்டு இருந்திருக்கும். மூன்று இருபதுக்குப் படிவம் என் மேசைக்கு வந்தது. எடை நாற்பத்தாறரை கிலோ. சின்ன டாக்டர் எதிரிலேயே நின்றார்.

எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. இருப்பைச் சரிபார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அலமாரியைத் திறந்து குப்பிகளை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். காலாவதித் தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். கையெழுத்துப் போட்டபோது மணி நான்கு கடந்து ஐந்து நிமிடம். சின்ன டாக்டர் மருந்தைப் பிடுங்கிக்கொண்டு படியில் ஓடினார், லிப்ட்காரர்தான் வார்டில் இருந்தாரே. தையலக்கா நான்கு மணிக்கே இறந்துவிட்டிருந்தார். குப்பி திறக்கப்படாமல் திரும்பி வந்தது. விதிப்படி அதை இருப்பில் சேர்த்தேன்.

முதல் விசாரணையில் என்னிடம் கேட்ட கேள்வி, "முழுமையாக நிரப்பப்பட்ட படிவம் உங்களுக்கு எப்போது கிடைத்தது?" என்பது. மூன்று இருபது என்றேன். அது உண்மை. நோயாளியின் எடை உங்களுக்குத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஊழியர்களுக்கு உடல்நலப் பரிசோதனை நடந்தது. வருகிறவர்களை எடை பார்த்துப் பதிவது என் பொறுப்பு. தையலக்கா தராசில் ஏறி நின்று, "டேப்பும் சேர்த்து சொல்லுங்க சார், அதுவும் என் உடம்புதான்" என்றார். டேப்போடு சேர்த்து நாற்பத்தாறரை. என் கையாலேயே எழுதினேன். அந்த நோட்டு என் மேசை டிராயரில் இருக்கிறது. பத்து பத்துக்குப் படிவம் வந்தது என்றேன் அல்லவா, பத்தேகாலுக்கு நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். மூன்று இருபதுக்கு அதே எண் எழுதி வந்தபோது, பரவாயில்லை, சலவைக்கூடத் தராசு சரியாகத்தான் காட்டுகிறது என்று திருப்தியாக இருந்தது.

இதை தையலக்கா இறந்த அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நோட்டு எங்க இருந்துச்சு?" என்றாள்.

"டிராயர்ல."

"டிராயர் எங்க இருக்கு?"

"மேசையில. என் முழங்கால் இடிக்குமே, அங்க."

மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள். அதன் பிறகு அவள் என்னைக் கிண்டல் செய்வதில்லை. தலைவலி பற்றிய வசனம்கூட நின்றுவிட்டது. எனக்கு அது கஷ்டமாக இருக்கிறது. லிப்ட்காரரும் மாறிவிட்டார். ஆறு வருடமாக என்னைக் கண்டதும் கேட்காமலே மூன்றாம் மாடிக்குப் பொத்தானை அழுத்துகிறவர், இப்போது தினமும் "எந்த மாடி சார்?" என்று கேட்கிறார். நானும் தினமும் சொல்கிறேன்.

மாநாட்டுக்குப் போனேன். போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மேசை உயரம்தான், மனைவி சொன்னது சரி. ஆனால் கோட் கச்சிதமாக இருந்தது. கையை உயர்த்தி வரைபடத்தைக் காட்டும்போது கோட்டின் கை மணிக்கட்டில் சரியாக வந்து நின்றது. பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, "உண்மையில் தேவைப்பட்டு மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார். எங்கள் பதிவுகளின்படி ஒருவரும் இல்லை என்றேன். கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது. மேசைக்கு மேலே என் கண் மட்டும்தான் தெரிந்திருக்கும், அதையாவது பார்த்திருப்பார்கள்.

ஏன் செய்தீர்கள் என்பது உங்கள் கேள்வி. அதற்கும் வருகிறேன். அந்த மாதம் முடிய, அன்றையும் சேர்த்து, மூன்று நாள் இருந்தது. அதுவரை நூற்றுப் பதின்மூன்று குப்பி செலவாகியிருந்தது. இந்த மருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒரு குப்பி. காலை பத்தரைக்குத் தொடங்கினால் மாதம் முடிவதற்குள் எட்டு குப்பி, மொத்தம் நூற்றிருபத்தொன்று. மாலை நான்குக்குப் பிறகு தொடங்கினால் ஏழுதான்; மொத்தம் நூற்றிருபது. எட்டாவது குப்பி அடுத்த மாதத்தில் போய் விழும். பத்தேகாலுக்கு நோட்டை மூடிவைத்த கையோடு அதன் பின்னட்டையில் இந்தக் கூட்டலைப் போட்டேன், பென்சில் எழுத்து இன்னும் இருக்கும். நான் மருந்தை மறுக்க நினைக்கவே இல்லை. நான்கு மணி வரை பொறுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். விரல் விஷயத்தில் பொறுத்துக்கொண்டாரே.

ஆகவே, அலமாரியைத் திறக்கத் தேவையான எல்லாம் தெரிந்திருந்தும் காலை பத்தேகால் முதல் மாலை நான்கு ஐந்து வரை அதைத் திறக்காமல் வைத்திருந்தது நான்தான். ஒரு குப்பிக்காக. அந்த மாதம் நூற்றுப் பதின்மூன்றோடு முடிந்தது, நான் வேண்டியதைவிடக் குறைவு. திரும்பி வந்த குப்பி இரண்டு மாதத்தில் காலாவதியாகிவிட்டது. மருந்துக் கழிவுக்கான சிவப்புத் தொட்டியில் போட்டு, வீணானது ஒன்று என்று எழுதினேன். வீணான மருந்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனது கேட்பதில்லை.

எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனி நீங்கள் வைத்துவிட்டுப் போன படிவத்துக்கு வருகிறேன். நல்ல படிவம், பன்னிரண்டு கட்டங்கள். கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். ஆனால் நான்காவது கட்டம், இறந்தவரின் வயது, உங்கள் அலுவலகத்தில் நிரப்பவில்லை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். அந்த வயது என்னிடம் இருக்கிறது. அதே நோட்டில், எடைக்குப் பக்கத்தில், என் கையெழுத்திலேயே. என்றாலும் அதை நிரப்ப வேண்டியவன் நானல்ல. வட்டம் போட்டு இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். முழுமையாக நிரப்பி அனுப்புங்கள், உடனே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.